விழாத சீட்டு

படிவம் கேட்டது:
இவ்வளவு குறைந்த வருமானத்தில்
சென்ற ஆண்டு எப்படி வாழ்ந்தீர்கள்? விளக்குக.
கீழே மூன்று கோடு.

அம்மா பேனாவை வாங்கி
மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
இரவெல்லாம் விரிப்பு மடித்துவிட்டு வந்த விரல்கள்.
வெளியே கென்டக்கி மலைமேல்
நவம்பர் மழை நிற்கிற மாதிரி இல்லை.

முதல் கோட்டில் எழுதினாள்:
அண்ணன் சுட்ட மான் இரண்டு, உறைபெட்டியில்.
அடுத்ததில்:
மின்கட்டணம். பிப்ரவரி, மார்ச் கட்டவில்லை.
மூன்றாவதை வெகுநேரம் பார்த்தாள்.
"கோல்பியோட பல்லை எழுதவா?"
தம்பிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது.
பிடுங்கவில்லை.
அது வரவா செலவா என்று
இருவருக்கும் தெரியவில்லை.
கோட்டை அப்படியே விட்டோம்.

எழுதாமல் மறைத்தது ஒன்று உண்டு.
வெள்ளிதோறும் பெட்ரோல் பங்கில்
இரண்டு டாலருக்கு ஒரு லாட்டரிச் சீட்டு,
பதினோரு வருஷமாய்.
பள்ளியில் நிகழ்தகவு நடத்திய வாரம்
சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக் காட்டினேன்:
"பரிசு விழறதுக்குள்ள உன் தலையில
ரெண்டு தடவை இடி விழும்மா."
"விழட்டும்" என்றாள்.
"ஏதோ ஒண்ணு விழட்டும்."

பிறகு அந்தப் பூஜ்யம் வந்தது.
குடும்பத்தால் தரக்கூடிய தொகை: 0.
எந்தத் தேர்விலும் நான் வாங்கியதில்லை.
இதில் மட்டும் அதை வாங்கினால்தான் தேர்ச்சி.

மத்திய அரசின் பணம் கொஞ்சம்,
மாநிலத்தின் பணம் கொஞ்சம்.
திருப்பிக் கட்ட வேண்டாமா என்று
அம்மா மூன்று தடவை கேட்டாள்.
வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்ற ப்ரெண்டா
கல்லூரி உதவிப்பண மேசையில்
ஸ்டேப்ளர் முள் நிரப்பியபடியே சொன்னாள்:
"மாநிலப் பணம் எங்கேருந்து வருதுங்கறீங்க?
லாட்டரிலேருந்துதான்."

அம்மா சிரித்தாள்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.
"அப்படின்னா அதுல ஆயிரத்துச் சொச்சம் என்னுது."
"ரசீது இருக்கா?" என்றாள் ப்ரெண்டா.
இருந்தது.
கார் டாஷ்போர்டு நிறைய.

அந்தப் பங்கில் வரிசையில் நிற்பவர்களை
எனக்குப் பேர் சொல்லித் தெரியும்.
டாக்டர் யாரும் நிற்பதில்லை.
என் உயிரியல் வகுப்பின் ஒவ்வொரு மணியும்
யாரோ காசால் சுரண்டிப் பார்த்து
உதட்டைப் பிதுக்கி
தொட்டியில் எறிந்துவிட்டுப் போனது.
நான் அதைக் குனிந்து பொறுக்கி
நுண்ணோக்கியடியில் வைத்துப் பார்க்கிறேன்.

பணம் கல்விக் கட்டணத்தோடு நின்றுகொண்டது.
புத்தகம், ஆய்வகக் கோட்டு,
தினம் நாற்பது மைல் பெட்ரோல்,
அதெல்லாம் வேறு கதை.

அடுத்த டிரெய்லர் வீட்டு டால்டன் நேப்பியருக்கும்
அதே பூஜ்யம்தான்.
என்னைவிட வேதியியலில் கெட்டிக்காரன்.
அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி
கையெழுத்துப் போட ஏப்ரல் ஆகிவிட்டது.
கடிதம் இரண்டே வரி:
தகுதி உண்டு.
நிதி தீர்ந்துவிட்டது.
பந்திக்கு முந்தியவள் நான்.
அவன் வந்தபோது
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் என் டயர் வெடித்தது.
கடையில் டால்டன்தான் மாற்றிப் போட்டான்.
பாதிக் காசுதான் வாங்கினான், அதையும் எண்ணவில்லை.
கைக்கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு
டயரைப் பார்த்தபடியே கேட்டான்:
"அந்தப் படிவம், எப்பத் திறக்குது?"
"அக்டோபர் ஒண்ணு."
நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கினான்,
ஏற்கெனவே இறுகியிருந்தவற்றை.
"எத்தனை மணிக்கு?"