பெறுபவர் உங்களுக்குத் தெரிந்தவரா

அந்தோஃபகாஸ்தாவில் மழை பெய்வதில்லை.
கடல் மட்டும் இரவெல்லாம்
யார் வீட்டுப் பாத்திரத்தையோ கழுவிக்கொண்டிருக்கும்.

மேசையில் ஆறிப்போன மீன், மடிக்கணினி,
இரண்டு கடிதங்கள்.
லொசான்: ஓராண்டு, முழுநேரம்,
பாதிக் கட்டணம் தள்ளுபடி.
மீதிப் பாதி, இந்த வீட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.
ரோட்டர்டாம்: இரண்டாண்டு,
ஆறு வாரத்துக்கு ஒருமுறை விமானம்.
சுரங்கமே பணம் கட்டும்.
கட்டி முடித்ததும் நான்கு வருஷம்
என்னையும் கட்டிவைக்கும்.

எனக்கு நாற்பத்திரண்டு.
பதினேழு வருஷம், மாதத்தில் பாதி நாள்
மலை மேல், தாமிரத்தோடு,
கன்வேயர் பெல்ட்டுக்குக் காது கொடுத்தவள்.
எந்த பேரிங் எந்த வாரம் உடையும் என்று
சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
இந்தக் கடிதங்கள்
சத்தமே போடவில்லை.

லவுதாரோ எக்செல் திறந்தான்.
சம்பள உயர்வுக்கு முப்பது மதிப்பெண்,
தரவரிசைக்கு இருபத்தைந்து,
செலவு, மொழி, குளிர்,
கடைசி வரிசையில் மகள் பெயர்.
ஐஸ்கிரீம் எடுக்க வந்த அயெலென்
திரையை எட்டிப் பார்த்தாள்:
"எனக்கு வெறும் பத்தா?"
பதினைந்தாக்கினோம். ரோட்டர்டாம் ஜெயித்தது.
குளிரில் இரண்டு கூட்டினேன். இன்னும் ரோட்டர்டாம்.
தரவரிசையை நாற்பதாக்கினேன்.
லொசான்.
உடனே அதை அழித்தேன்.
நான் எதை அழிக்கிறேன் என்று
பார்த்துக்கொண்டே இருந்தவன்
ஒன்றும் சொல்லாமல்
தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான்.

லொசானில் என்னை நேர்காணல் செய்தவனுக்கு
இருபத்தெட்டு இருக்கும்.
பத்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்றான்.
ஐம்பத்திரண்டில், தம்பி,
கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பேன்
என்று வாய் வரை வந்தது.
"தலைமைப் பொறுப்பில்" என்றேன்.

ஒரு தோல்வியைச் சொல்லுங்கள் என்று
இரண்டு இடத்திலும் கேட்டார்கள்.
இரண்டு இடத்திலும்
செகுந்தோவின் இரண்டு விரல்களைச் சொன்னேன்.
ஏழாம் எண் பெல்ட்.
முந்தின நாள் மதியமே அது முனகியது.
எனக்குக் கேட்டது.
உற்பத்திக் கணக்கு முடியட்டும் என்றிருந்தேன்.
விரல் போனது இரவு மூன்று மணிக்கு,
பெல்ட்டை நிறுத்தும் தாளில்
என் கையெழுத்து விழுந்தது ஆறு மணிக்கு.

லொசான் கேட்டது:
"அதிலிருந்து என்ன கற்றீர்கள்?"
பதில் கையிலேயே வைத்திருந்தேன். நல்ல பதில்.
தலையாட்டினான்.

ரோட்டர்டாமில் ஒரு பேராசிரியை,
சளி பிடித்த கரகரத்த குரல்.
"அவர் இப்போது என்ன செய்கிறார்?" என்றாள்.
கிடங்கில் இருக்கிறார்,
இடது கையால் கையெழுத்துப் போடுகிறார் என்றேன்.
அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.
என்ன எழுதினாள் என்று
குளிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாள்.
அங்கே நள்ளிரவு என்றால்
இங்கே இரவு எட்டு,
பெலிகன்கள் மீன் சந்தைக் கூரையில் இடம் பிடிக்கும் நேரம்.
ரோட்டர்டாம் என்று சொல்லிவிட்டேன்.
சுரங்கத்தின் பணம் வேண்டாம் என்றும் சொன்னேன்.
"அப்போ வீடு?" என்றான் லவுதாரோ.
வீட்டைத்தான் அடமானம் வைக்கணும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.
கடவுச்சொல்லை மட்டும்
எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

முன்பணம் இரண்டாயிரம் யூரோ.
திரும்பக் கிடைக்காது என்று
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.
அனுப்பு என்றதும் வங்கிக்குச் சந்தேகம் வந்தது.
புதிய கணக்கு, வெளிநாடு, மோசடியாக இருக்கலாம்,
பெறுபவர் உங்களுக்குத் தெரிந்தவரா?
ஆம். இல்லை.

ஒரு இருமலும் ஒரு கேள்வியும் தெரியும்.

ஆம் என்பதை அழுத்தினேன்.
சக்கரம் சுற்றியது,
வழக்கம்போல நான் காதைக் கொடுத்தேன்.

லொசானுக்கு மறுப்பு எழுத மூன்று வரி போதும்.
அது இன்னும்
"மதிப்பிற்குரிய" என்பதிலேயே நிற்கிறது.
நாலரைக்கு மலைக்குப் பஸ்.