முள்ளோடை தாண்டினால்

தனிஸ்லாஸ் சொன்னான்:
இரண்டு நாள் முழுக்கத் திராட்சைத் தோட்டம்தான்,
எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த மாதிரி வரிசை.
மூன்றாம் நாள் மலை.
பதினேழு கொண்டை ஊசி வளைவு.
கிளட்ச் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது.
உச்சியில் ஒரு பலகை, அதில் வேறு நாட்டின் பெயர்,
பலகைக்குக் கீழே சொறிந்துகொண்டு ஓர் ஆடு.
அவ்வளவுதான் எல்லை.
யாரும் கை காட்டவில்லை.
பையைத் திற என்று யாரும் சொல்லவில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டுக்
கால் மணி நேரம் நின்றேன், தையல்,
யாராவது கேட்பார்கள் என்று.

மாசியில் விடுப்புக்கு வந்தவன்
கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தான்
ஈரத்துணி சுற்றிய ஒரு குச்சி.
நான்கு கணு. பட்டை உரிந்த நிறம்.
"அங்கே கவாத்து பண்ணிக் குப்பையில் போட்டது.
பிழைத்தால் பிழைக்கட்டும்."
குழந்தையைப் பற்றிப் பேசுவது போலவும் இருந்தது,
எங்களைப் பற்றிப் பேசுவது போலவும்.
நான் எதுவும் கேட்கவில்லை.

அவன் விட்டுப்போன புல்லட்டில்தான் கிளம்பினேன்.
ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன்,
இன்னும் அவன் உயரத்துக்கே வளைந்திருக்கிறது ஹேண்டில்பார்.
அரியாங்குப்பம் பாலத்தில் மீன் நாற்றம்,
தவளக்குப்பத்தில் பள்ளிக்கூட நெரிசல்,
கிருமாம்பாக்கம் தாண்டியதும் காற்று.

எங்களுக்கும் ஒயின் தேசம் உண்டு.
கன்னியக்கோயிலில் தொடங்கி முள்ளோடையில் முடிகிறது.
கொடி கிடையாது, வரிசை உண்டு:
ஒயின்ஸ், ஒயின்ஸ், பார் வசதியுடன் ஒயின்ஸ்,
கடைசிக் கடை, அதற்கப்புறம் உண்மையான கடைசிக் கடை.
பெட்ரோலும் இந்தப் பக்கம் மலிவு என்பதால்
வண்டியும் மனிதர்களும் நிரம்பிய பிறகுதான்
எல்லையைக் கடக்கிறார்கள்.
மலை எதுவும் குறுக்கே இல்லை.
தாரின் நிறம் கொஞ்சம் மாறும்.
"நன்றி மீண்டும் வருக"வுக்குப் பின்பக்கமே
"நல்வரவு" எழுதியிருக்கும்.

பெண்ணையாற்றில் பாதி மணல், பாதி வானம்.
ஆல்பேட்டையில் கை நீண்டது.
ஓரம் கட்டினேன்.

ஏட்டுக்கு என் வயதுதான் இருக்கும்.
ஆர்சி புத்தகத்தில் ச. தனிஸ்லாஸ்,
லைசென்ஸில் வெ. தையல்நாயகி.
இரண்டையும் இரண்டு கையில் வைத்து எடை போட்டார்.
"இவர் யாரு உங்களுக்கு?"

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"வண்டி அவரோடது சார்."
"அது தெரியுது."
பையைத் திறக்கச் சொன்னார்.
புட்டியைத் தேடிய விரல்கள்
ஈரத்துணியில் பட்டுப் பின்வாங்கின.
பிரித்தார். முகர்ந்தார்.
சாவடிக்குள் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.
அவரும் முகர்ந்தார்.
"என்னம்மா இது?"
"ஒயின்தான் சார்.
இன்னும் நாலு வருஷம் ஆகும்."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த வெயிலுக்கு வராதும்மா" என்றார்,
எங்கோ எதையோ நட்டுப் பார்த்தவர் குரலில்.
பிறகு துணியை நனைக்கத்
தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கேப்பர் மலை ஏற
மூன்றாவது கியரே போதும்.
வளைவு என்று சொல்லத்தக்கது ஒன்று,
அதற்குப் பிறகு ஜெயில் சுவர், செம்மண்,
பூத்து நிற்கும் முந்திரி.
சித்திரையில் பழம் உதிர்ந்து கிடக்கும்,
கொட்டையைத் திருகிக்கொண்டு
மிச்சத்தை எறிந்துவிட்டுப் போவார்கள்.
நானும் கடித்திருக்கிறேன்.
இனிப்பு இறங்கும் முன்பே தொண்டை கமறும்.

வாடகை வீட்டின் பின்னால், துணிக்கல்லுக்கு அருகில்
இரண்டு கணு மண்ணுக்குள்,
இரண்டு கணு வெளியே.
சூடு இறங்காத எஞ்சின்
டிக் டிக் என்று தணிந்துகொண்டிருந்தது.

அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
கேட்டார்கள்.

உடனே வந்தது:
என்ன சொன்னாய்?

வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.
தண்ணீர் நின்றிருந்தது.