இருபத்தாறு பாயிண்ட்

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நாடகம்.
சென்னையில், ஒரு பள்ளிக்கூடத்து மாடியில்,
நூற்றிருபது நாற்காலி.
ரெஜினா அனுப்பிய நோட்டீசில்
அவள் முகம் பாதிதான் இருக்கிறது.
மீதி இருட்டு. வேண்டுமென்றே அப்படியாம்.

லோடு சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ரயிலுக்குப் போக வர. அந்த ஊர் ஆட்டோ.
டிக்கெட் நானூறு.
அரவைக் காலத்தில் லீவு எடுத்தால்
ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார் முதலாளி.
கூட்டினால் வண்டித் தவணையைத் தொடுகிறது.
"அதையே போன்ல புடிச்சுப் போட்டா
இங்கிருந்தே பாத்துக்கலாமே" என்கிறார் மாதையன்.
நானும் கேட்டேன்.
போட மாட்டார்களாம்.
"புடுங்கின கெழங்கு மாதிரிடி,
அன்னன்னிக்கே அரைச்சாகணும்."
ஆலையை விட்டுப் போய் ஆறு வருஷம்,
இன்னும் கிழங்கில்தான் பேசுகிறாள்.

இரண்டு வருஷம் எனக்கு எதிர் மேஜை.
சனிக்கிழமையானால் ஏற்காட்டு பஸ்,
திங்கட்கிழமை பை நிறைய ஆரஞ்சு.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
வசனம் சொல்லிப் பார்த்தபடி இறங்குவாளாம்,
கண்டக்டருக்கு மனப்பாடம் ஆகும்வரை.

கரண்ட் இல்லாத ஒரு மதியம்
அவளிடம் மட்டும் சொன்னேன்.

கிழங்கில் எவ்வளவு மாவு என்று
மீட்டர் காட்டுவது பாயிண்ட்.
பாயிண்டுக்குத்தான் விலை.
யார் லோடு வந்தாலும் இரண்டு குறைத்து எழுது:
சேர்ந்த அன்றே எனக்குச் சொன்ன வேலை அது.
ஒரு தை மாதம், வாடகை டிராக்டரில்
அப்பா வந்தார்.
இருபத்தெட்டு காட்டியது.
இருபத்தாறு எழுதினேன்.
"செரியாப் பாத்தயா கண்ணு?" என்றார்.
சந்தேகத்தில் இல்லை. பெருமையில்.
மகள் மீட்டர் பார்ப்பதைப்
பக்கத்து வண்டிக்காரன் கவனிக்கட்டும் என்று.
"செரியா இருக்குதுப்பா."

மாதையனுக்குக்கூடத் தெரியாது இது.
சென்னையில் வாரத்துக்கு
நூற்றிருபது பேருக்குத் தெரியும்.

கோபமா? முதலில் இருந்தது.
"பேரை மாத்திட்டேன், சேலையக்கூட மாத்திட்டேன்" என்றாள்.
அந்தச் சேலை என்னிடம் இன்னும் இருக்கிறது.
போகவே கூடாதென்று மூன்று நாள்.
பக்கத்து நாற்காலியில் யாரோ
எனக்காக உச்சுக்கொட்டுவார்கள்,
நான் யாரோ போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.
அதற்கு நானூறு ரூபாயா.

முந்தாநாள் ராத்திரி போனில் சொன்னாள்:
"போன வாரம் அந்த எடத்துல வரி மறந்துபோச்சுடி.
செரியா இருக்குதுப்பான்னு சொல்லணும், வரவே இல்ல.
அரை நிமிஷம் சும்மா நின்னேன்.
ஒருத்தரும் மூச்சு விடல. அப்புறம் ஒரே கைதட்டு.
இனிமே அப்படியே வெச்சுக்கலாம்னுட்டார் டைரக்டர்."

தூக்கம் போனது அதில்தான்.

நான் நிற்கவில்லை, ரெஜினா.
அரை நிமிஷம் என்ன, அரை நொடிகூட.
அவர் கேட்டு முடிக்கும் முன்னால் சொன்னேன்,
அடுத்த வண்டியைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே.
அந்த மௌனம் என்னுடையது இல்லை.
அதற்குக் கைதட்டினால்
யாருக்குத் தட்டுகிறார்கள்?
யாராவது ஒருத்தி அங்கே உட்கார்ந்து
இங்கே ஒரு வரி இருந்தது என்று
தெரிந்தாவது வைத்திருக்க வேண்டாமா?

எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவைத்த டிக்கெட்,
ஏற்காடு எக்ஸ்பிரசில் வெயிட்டிங் லிஸ்ட்.
புதன்கிழமை பதினான்கு. நேற்று ஒன்பது.
இன்று மதியம் மூன்று.
கிடைக்கக் கூடாதென்றும்
கிடைத்துவிட வேண்டுமென்றும்
ஒரே கோட்டை மாரியம்மனிடம் கேட்க
வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து ரோட்டில் இறங்கி
தட்டுவடை செட் நான்கு சொன்னேன்.
ரெஜினாவுக்குப் பீட்ரூட் தூக்கலாக இருக்க வேண்டும்.
"இங்கியே சாப்புடறதுக்கா, ஊருக்கா?" என்றான் கடைப் பையன்.
"தெரியலப்பா" என்றேன்.
"சட்னிய மட்டும் தனியாக் கட்டு."