நாற்பத்தேழாவது பதில்

பாய லேபார், பதினொன்றாவது மாடி.
"வேலையில் மகிழ்ச்சியா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள்."
பெயர் கேட்காத படிவம்.
தொகுப்பது என் வேலை.

பெரும்பாலும் நான்கு.
நான்கு போட்டால்
யாரும் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள்.

போன மாதம் யோகா வந்தது.
புதன்தோறும் டிராகன் பழம் வந்தது.
இரவு பத்தரை மின்னஞ்சலும்
வந்துகொண்டுதான் இருந்தது.

நாற்பத்தேழாவது பதிலில் எண் இல்லை.
"ஏர்கான் காற்று நேரே பிடரியில் விழுகிறது.
மூன்று வருடமாக."

இதை எந்த நிறத்தில் வரைவது?
"சராசரி என்ன?" என்றார் திரு. கோ.
மூன்று புள்ளி எட்டு.
"பரவாயில்லையே."

யாரென்று தேடக் கூடாது. தேடவில்லை.
ஆனால் தார் இளகும் இந்த ஊரில்
கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருப்பவர்கள்
எங்கள் தளத்தில் ஒன்பது பேர்.

வெள்ளி மாலை,
எல்லோரும் எம்ஆர்டிக்கு இறங்கிய பின்
நாற்காலிமேல் ஏறி
ஒவ்வொரு துவாரத்துக்கும் அட்டை ஒட்டினேன்.
துப்புரவுக்கு வந்த ரொஹானா
ஒன்றும் கேட்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் படிவமே போனதில்லை என்பது
ஏழாவது அட்டைக்கு
நாடாவைக் கடிக்கும்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கு எப்படிக்கா, இங்கே வேலை?"

"கை கடுக்கிறது," என்றார்,
"சீக்கிரம் ஒட்டுங்கள்."