தொண்ணூறுக்குக் கீழே

இரவு பதினொன்றரை.
வெயிலுக்கு இன்னும் வேலை முடியவில்லை.
பகலெல்லாம் துறைமுக எடைக்கூடத்தில்
காட் மீனைக் கிலோ கிலோவாகக் கூட்டியவள்
இப்போது என் தவறுகளைக் கூட்ட வந்திருக்கிறேன்.

ஓட்கேர் ஏற்கெனவே பந்தை ஊன்றிவிட்டான்.
பேருந்து ஓட்டுகிறவன்.
இந்தப் புல்வெளியில் மட்டும்
எந்த நிறுத்தத்திலும் நிற்க மாட்டான்.

பதினொரு கோடை, பதினொரு நீல நோட்டு.
தொண்ணூற்றைந்து, நூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு,
ஒரேயொரு முறை தொண்ணூறு.
அன்று சிகரெட்டை விட்டு மூன்றாம் நாள்,
கை நடுக்கம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.
கை நடுங்கவில்லை.

ஜனவரியில்,
சூரியன் மலைக்குப் பின்னால் முடங்கிய வாரங்களில்
நோட்டுகளை வரிசையாகப் பிரித்துப் போட்டேன்.
எங்கள் கூடத்தில் எடை இடித்தால்
மீனைச் சந்தேகிப்பதில்லை,
முதலில் ஐஸைத்தான் பார்ப்போம்.
அப்படித்தான் தெரிந்தது,
வீச்சில் குறை கொஞ்சம்தான்.
உருகி ஓடியதெல்லாம் ஏழாவது குழியில்.
அங்கே மட்டும் இருநூற்றுப் பதினான்கு பந்துகள்.
ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம்.

ஏழாவதில்
மலை எப்போதோ கக்கிய கறுப்பு நாக்கு
பாசியைப் போர்த்திக் குறுக்கே படுத்திருக்கிறது.
ஒரே அடியில் தாண்ட நூற்றெழுபது மீட்டர்.
தாண்டியிருக்கிறேன், ஒருமுறை,
காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிய நாளில்.
அந்த ஒருமுறைக்குத்தான்
இத்தனை வருட வட்டி.

ஓட்கேர் ஓங்கி அடித்தான்.
தாண்டிவிட்டது.
விழட்டும் என்று நினைத்தேன், விழவில்லை.
"ஸ்டெய்னுன், டிரைவரை எடு!" என்கிறான்
தலைக்கு மேல் கொத்த வந்த ஆலாவைத்
தொப்பியால் விரட்டியபடி.

நான் கொடியிலிருந்து
பின்னோக்கி நடந்து வருகிறேன், கண்ணால்.
கொடி வலப்பக்கம், மணற்குழியின் மடியில்.
அது எனக்கானதல்ல.
இடப்பக்கம் அகலம், சமதளம்,
பந்து உருண்டு நிற்க நிறைய மனசு.
அங்கே போய்ச் சேர தொண்ணூறு மீட்டர் வேண்டும்.
தொண்ணூறு என்றால் கை என் பேச்சைக் கேட்கும்,
நாற்பது என்றால் தன் பேச்சையே கேட்கும்.
தொண்ணூறுக்கு முன் ஒரு நூற்றிருபது.
அதற்கும் முன்,
இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமே,
இன்னொரு நூற்றிருபது.
மீன்தூள் ஆலையின் புகை கடலைப் பார்த்துச் சாய்கிறது.
எட்டாம் எண் இரும்பு போதும்.

உறையிலிருந்து அதை உருவும்போது
யாரும் சிரிக்கவில்லை,
எனக்குத்தான் காது சுட்டது.

டக். நூற்றிருபது.
டக். கறுப்பு நாக்கு கீழே நகர்ந்துபோனது.
டக்.
பிறகு இரண்டு மெல்லிய தட்டு.
அட்டையில் ஐந்து.
ஓட்கேருக்கு நான்கு.
நியாயம் அன்றன்றைக்கே வந்து சேர்வதில்லை.

அதன்பின் வந்த குழிகளை
வாய்ப்பாடு சொல்வதுபோல் கடந்தேன்.
பன்னிரண்டில் ஒருமுறை மட்டும்
டிரைவரின் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பதினேழு முடிந்தபோது எண்பத்து நான்கு.
கடைசிக் குழி. ஐந்து போதும்.
மனப்பாடமான குழி, நேர்க்கோடு,
குழந்தையும் ஆடும்.
மூன்று அடியில் திடல் ஏறிவிட்டேன்.
கொடியின் மேற்புறம்.

மேற்புறம்!
கண்ணாடிபோல் சரியும் அந்தச் சரிவுக்கு
மேலே நின்றால் எதுவும் நிற்காது,
கீழே நின்று தட்டினால் பிழைக்கலாம்.
இதுதான் தெரியுமே.
தெரிந்ததால்தான்
கொடியிலிருந்து நடந்து வர மறந்தேன்.
முதல் தட்டு கீழே வழுக்கி ஓடிற்று.
இரண்டாவது விளிம்பில் சுற்றிப் பார்த்துவிட்டுத்
திரும்பியது.

மறுபடியும் தொண்ணூறு.

ஓட்கேர் ஒன்றும் பேசாமல்
குடுவையிலிருந்து காப்பியை ஊற்றினான்.
அவனுக்குத் தொண்ணூற்றேழு,
அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

பையைத் திறந்து பந்தை உள்ளே போட்டேன்.
முதல் குழியில் ஊன்றிய அதே பந்து,
கன்னத்தில் ஒரு சிராய்ப்போடு.
பதினொரு வருடத்தில்
ஒரு பந்து என்னோடு வீடு திரும்புவது
இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாவது நோட்டு, முதல் பக்கம்.
ஏழு: ஒழுகல் நின்றது.
பதினெட்டு: ஐஸைப் பார்.