பூட்டிய வீட்டுக் கணக்கு

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை
கானாடுகாத்தான் தெருக்களில் மீட்டர் பார்ப்பது என் வேலை.
வயிற்றையும் அப்படியேதான் எண்ணினேன்.
முதல் கணக்கில் வாந்தி.
சித.பழ. வீட்டு வாசலில் குனிந்து நின்றபோது
வெயில் என்று நினைத்து
சோடா வாங்க ஓடினார் காவல்காரர் அடைக்கலம்.
இரண்டாம் கணக்கில் அசைந்தது.
மூன்றாவதில் ஊரே பார்த்துவிட்டது.
நான்காவதை வேறு ஆள் முடித்தார்.

இங்கே வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு,
பின்வாசல் அடுத்த தெரு.
கூப்பிட்டால் கேட்காது.
கேட்க ஆளும் இல்லை.
போன தடவை எண்ணையே அட்டையில் எழுதிவிட்டு இறங்க வேண்டும்.
ஆனால் படி ஏறியாக வேண்டும்.
ஆறாம் மாதத்தில் படிகளை எண்ண ஆரம்பித்தேன்,
நாற்பதாவது வீட்டில் விட்டுவிட்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள்.
அறுபது அறை, நூற்றுச் சொச்சம் கதவு,
அத்தனையும் பர்மாத் தேக்கு.
ஒண்ணுக்குப் போக ஒன்றும் திறக்கவில்லை.
தொடையை இறுக்கிக்கொண்டு
பஸ் நிறுத்தம் வரை நடந்தேனே,
அந்த நடைதான்
என் பிள்ளைக்கு முதலில் தெரிந்த ஊர்.

பொறியாளர் இருதயராஜ் நல்ல மனிதர்.
'உட்கார்ந்து பார்க்கிற வேலை தரட்டுமாம்மா' என்றார்.
பில் கவுண்டரில் ஒரு நாற்காலி இருந்தது.
அதில் உட்கார்ந்திருந்தவரும் நல்ல மனிதர்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
கரண்ட் போன நேரமாகப் பார்த்துப் பிறந்தான் சேந்தன்.
ஜெனரேட்டர் இரைச்சலில்
அவன் அழுதது எனக்கு மட்டும் கேட்டது.
வீட்டுக்காரர் வெளியே நின்று
என் ஆபீசுக்கே போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை
பக்கத்து வீட்டுச் சகாயமேரி இடுப்புக்கு அவனை மாற்றினேன்.
பத்து மாதம்.
அழவில்லை.
கொஞ்சம் அழுதிருக்கலாம்.

பதினொரு மணி அவன் தூங்கி எழும் நேரம்.
எந்தத் தெருவில் நின்றாலும்
உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.
கருவியை மார்போடு அணைத்தபடி
துப்பட்டாவை முன்னால் இழுத்து இழுத்து
சித.பழ. வீட்டுப் படியில் நின்றேன்.
அடைக்கலத்தின் மனைவி பஞ்சவர்ணம்
ஈரத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சாவிக்கொத்தில் ஒன்றை மட்டும் பிரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டாங்கட்டின் மூலையில் ஒரு சின்ன அறை.
எப்போதோ வெங்காயம் கொட்டி வைத்த வாசனை.
ஒரு முக்காலி, ஒரு பல்பு, உள்தாழ்ப்பாள்.
'ஈப்போவிலிருந்து முதலாளி கேட்டால்?'
'கேக்கட்டும். பால் கணக்கா கேக்கப்போறாரு?'

முதல் நாள் டம்ளரில் பீய்ச்சி
கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.
பிறகு ஒரு வாரம்
அந்த வாழையைப் பார்க்கவே வெட்கம்.
அப்புறம் பாட்டில், ஐஸ்கட்டி, பிளாஸ்க்.
சாயங்காலம் பள்ளத்தூர் பஸ்ஸில்
டிக்கெட் இல்லாத ஒரு பயணி என் மடியில்.

நேற்று சகாயமேரி சொன்னாள்:
'மூணு அடி நடந்துட்டான்க்கா.'
எத்தனை மணிக்கு என்றேன்.
பதினொண்ணு இருக்கும் என்றாள்.
இறக்கி நிற்கவைத்தேன்.
பொத்தென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.
ஆள் இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவோம்?
போன தடவை எண்.
தவழ்கிறான் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

இன்று சித.பழ. வீட்டு மீட்டர்.
ஒன்பது வருஷமாக 4417.
இன்று 4418.
காவலுக்குத் தனி மீட்டர் உண்டு; அதில் குழப்பமில்லை.
அடைக்கலம் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.
'எங்கயாச்சும் லீக்கேஜா தாயி?'

அட்டையின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
அறுபது வாட் பல்பு,
நாளுக்கு இருபது நிமிஷம்,
ஐம்பது நாள்.
இம்மி பிசகாமல் வந்தது.

'ஆமாண்ணே, லீக்கேஜ்தான்.'
உள்ளே பஞ்சவர்ணம் சிரிப்பது கேட்டது.

ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
பயப்படாதீங்கண்ணே,
நூறு யூனிட் வரை இலவசம்.