வந்த காரணம்

திங்கட்கிழமை சாயங்காலம்
காணிக்கைப் பையில் விழுந்த அட்டைகளை
செயலாளர் என்னிடம் எண்ணித் தருவார்.
இந்த வாரம் மூன்று.
ஒன்று, கல்யாணத்துக்கு வந்த சென்னைக் குடும்பம்;
இனி வரமாட்டார்கள்.
இன்னொன்றில் ஏதோ ஒரு பிள்ளை
கூரையைவிடப் பெரிய சிலுவை வரைந்திருந்தது.
மூன்றாவது, லதிகா. இஞ்சிவிளை.
கைபேசி எண்ணில் ஒன்பதே இலக்கம்.
ஜெப விண்ணப்பம்: ஒரு கோடு.
வந்த காரணம்: மழை.

இப்படியும் எழுதுவார்களா, என்றார் செயலாளர்.
அன்று அப்படித்தான் பெய்தது.
அய்யர் மூன்றாம் குறிப்புக்குப் போனதே
தகரத்தின் இரைச்சலில் யாருக்கும் தெரியாது.
கடைசி வரிசையில், சுற்றாத மின்விசிறியின் கீழே
ஈரச் சேலையோடு ஒருத்தி
பிளாஸ்டிக் உறையொன்றை மடியில் அணைத்திருந்தாள்.
வேதப்புத்தகம் என்று நினைத்தேன்.
போகும்போது சபைக் குடை ஒன்று கொடுத்தேன்,
கம்பி ஒடிந்தது.
நல்லதைக் கொடுக்க மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை
களியக்காவிளை தாண்டிப் போனேன்.
நம் பஸ் திரும்பிக்கொள்ளும் இடத்தில்
அவர்கள் பஸ் புறப்படும்.
அதற்கப்பால் கடைக்குக் கடை லாட்டரிச் சீட்டு
துணி உலர்வதுபோல் தொங்கும்;
இந்தப் பக்கம் அதற்கு வழக்கு.

ரப்பர் தோட்டத்தின் ஓரம்,
ஒட்டுப்பால் நாறும் சின்ன வீடு.
என் கையில் நீளப் பதிவேடு, பையில் இரண்டு பேனா,
முகத்தில் சிரிப்பு.
உள்ளே டிவி சட்டென்று அணைந்தது.
வேலிக்கு அப்புறமிருந்து ஒரு குரல்:
"அவ இல்ல சாரே, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா.
குழுப் பைசா அடுத்த ஆழ்ச்ச தருவா."

குழுக்காரன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதிவேட்டைப் பார்த்தேன்.
பெயர், தேதி, வந்தது, வராதது,
மறுபடி அணுக வேண்டிய நாள்.
ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன்.

சனிக்கிழமை வெறுங்கையோடு போனேன்.
வெறுங்கை என்றால், ஒரு கிலோ ஏத்தன்பழம்.
கதவைத் திறந்தவள்
"குடைக்கா வந்திய?" என்றாள்.

நான் பதில் தேடுமுன் எடுத்து வந்துவிட்டாள்.
ஒடிந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றி,
கிழிசலைக் கறுப்பு நூலால் தைத்து.
விரித்துக் காட்டினாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.
"மவன் வயரிங் வேலைக்குப் போறான். அவன் செய்தது.
கொள்ளாமா?"
கொள்ளாம், என்றேன்.

"படந்தாலுமூட்டுல தங்கச்சிய பாக்கப் போனது.
கையில நூத்தி இருவது சீட்டு, அன்னைக்கு நறுக்கு.
நனைஞ்சிருந்தா மொதலே போயிருக்கும்.
உங்க பள்ளியில யாரும் எழும்பிப் போகச் சொல்லல்ல."
சபையைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.
பிறகு, பழத்தை வாங்கிக்கொண்டே,
"பக்கத்துல இருந்த அக்கா இருமிக்கிட்டே இருந்தாவ.
இப்ப எப்பிடி இருக்காவ?"

பக்கத்தில் இருந்தது யாரென்றே
எனக்குத் தெரியவில்லை.
முப்பது வருஷமாக நான் அந்தச் சபையில் அங்கம்.

அன்று இரவு நாலு வீட்டில் விசாரித்தேன்.
கமலபாய். தபால் எட்வின்றாஜின் மனைவி.
ஒரு மாதமாக இருமல்.
யாரும் போய்ப் பார்க்கவில்லை.
அவள் பெயரில் அட்டை கிடையாது,
அவள் நம்மவள்.
ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினேன்.
யாருக்கு என்ன ஆச்சு, என்று
பதறிக்கொண்டு வந்தாள், இருமிக்கொண்டே.

பதிவேட்டில் 'பலன்' என்ற கட்டத்தில்
குடை கிடைத்தது என்று எழுதினேன்.
செயலாளர் அதை அடித்துவிட்டு
தொடர்பில் உள்ளார் என்று எழுதினார்.

வரும் ஞாயிறு அசன விருந்து.
பந்தல் போட்டாயிற்று, ஆறு மூட்டை அரிசி வந்தாயிற்று.
கமிட்டி கூடி, முழங்காலில் நின்று,
ஆண்டவரே அன்றைக்கு மழை வேண்டாம் என்று
உருக்கமாக ஜெபித்தது.
எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.
நான் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.